முதுமலை: மழை வகுத்த காடும் சட்டம் கிழித்த கோடும்

2021 அக்டோபரில் தமிழ்நாடே டி23 என்ற ஒரு புலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. கூடலூர், மசினகுடி பகுதிகளில் நான்கு பேரைக் கொன்றதாகச் சந்தேகிக்கப்பட்ட ஆண் புலி அது. வனத்துறை 21 நாள் தேடி, அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தது. அந்த நாட்களில் பலரும் கேட்ட கேள்வி இது: முதுமலைப் புலிகள் காப்பகம் என்று 688 சதுர கிலோமீட்டர் காட்டைப் புலிக்கென்றே ஒதுக்கியிருக்கும்போது, அது ஏன் தேயிலைத் தோட்டத்துக்கு வர வேண்டும்?

அதற்குப் பிறகும் குழப்பம் தீரவில்லை. 2023 ஆகஸ்ட், செப்டம்பரில் நீலகிரி மாவட்டத்தில் 10 புலிகள் இறந்தன, அவற்றில் பாதிக்கு மேல் குட்டிகள். ஒரு பக்கம் புலி பெருகிவிட்டது என்றார்கள், இன்னொரு பக்கம் அழிகிறது என்றார்கள். யானை வழித்தட வழக்கு, மூடப்பட்ட விடுதிகள், இரவில் அடைக்கப்படும் நெடுஞ்சாலை, பிணந்தின்னும் பாறு கழுகுக்காகத் தடை செய்யப்பட்ட மாட்டு மருந்து என்று செய்திகள் வந்தபடியே இருக்கின்றன. தனித்தனியாகப் படித்தால் எதுவும் பிடிபடாது. முதுமலையின் நில அமைப்பைத் தெரிந்துகொண்டு படித்தால் பெரும்பாலானவை ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பது தெரியும். அந்த அடிப்படையிலிருந்தே தொடங்கலாம்.

மலைமேல் இல்லை, மலையடியில்

நீலகிரி மாவட்டம் என்றதும் குளிரும் தேயிலையும் நினைவுக்கு வருவதால், முதுமலையும் அப்படித்தான் இருக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஊட்டியிலிருந்து கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கினால் அந்த எண்ணம் போய்விடும். சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் போர்த்திய ஸ்வெட்டரை, கீழே முள்மரங்களுக்கு நடுவே கழற்ற வேண்டியிருக்கும். காப்பகத்தின் மையப்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 850 முதல் 1,250 மீட்டர் உயரத்துக்குள்தான் கிடக்கிறது. அதாவது இது நீலகிரி மலையின் உச்சி அல்ல. அந்த மலையின் வடக்கு அடிவாரத்தில், மைசூர்ப் பீடபூமியின் தொடர்ச்சியாக விரிந்திருக்கும் மேட்டுநிலம்.

நான்கு திசையிலும் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் படம் தெளிவாகும். மேற்கே கேரளத்தின் வயநாடு வனவிலங்குச் சரணாலயம். வடக்கே கர்நாடகத்தின் பந்திப்பூர், அதற்கு அப்பால் நாகரஹொளே. தெற்கே கூடலூர்த் தோட்டங்களும் செங்குத்தாக எழும் நீலகிரிச் சரிவும். கிழக்கே சீகூர் பீடபூமி, அதைத் தாண்டினால் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். மூன்று மாநிலங்கள் சந்திக்கும் முனை இது. வரைபடத்தில்தான் மூன்று நிறம், விலங்குக்கு எல்லாம் ஒரே காடு.

பந்திப்பூருக்கும் முதுமலைக்கும் நடுவே எல்லையாக ஓடுவது மாயாறு. மோயாறு என்றும் எழுதுகிறார்கள். மேலே பைக்காராவாக ஓடிவந்து, மலையிலிருந்து விழுந்து, கீழே மாயாறாகி, கிழக்கே திரும்பிப் பவானிசாகரில் பவானியோடு சேர்கிறது. நீலகிரிப் பாறைத்தொகுதிக்கும் வடக்கேயுள்ள பழைய பீடபூமிக்கும் இடையே ஓடும் நீண்ட பிளவுப் பட்டையைப் புவியியலாளர்கள் மாயாறு பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள். ஆறு அந்தப் பலவீனமான தடத்தைப் பிடித்துக்கொண்டு ஆழமான பள்ளத்தாக்கை அறுத்திருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வழித்தட வழக்குக்கும் பாறு கழுகுக்கும் அதுவே அடிப்படை.

ஒரே காப்பகம், மூன்று காடு

முதுமலையை உண்மையில் வகுத்தது மழைதான். தென்மேற்குப் பருவமழை வயநாட்டைத் தாண்டி வரும்போது மேற்கு முனையில் ஆண்டுக்கு 2,000 மி.மீ. அளவுக்குக் கொட்டுகிறது. கிழக்கே போகப் போக நீலகிரியின் மழைமறைவுக்குள் நிலம் நுழைந்துவிடுவதால், சீகூர் பக்கம் 600 மி.மீ. கிடைத்தாலே பெரிது. ஜீப்பில் சில மணி நேரத்தில் கடந்துவிடக்கூடிய தூரத்தில் மழை மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. அதனால் ஒரே பெயருக்குள் மூன்று காடுகள் இருக்கின்றன:

1. மேற்கே ஈர இலையுதிர் காடு. உயரமான மரங்கள், மூங்கில், நடுநடுவே வயல் என்று அழைக்கப்படும் சதுப்புப் புல்வெளிகள். கோடையில் மற்ற இடமெல்லாம் காய்ந்தாலும் இங்கே பச்சை மிஞ்சும்.

2. நடுவே வறண்ட இலையுதிர் காடு. தெப்பக்காடு, கார்குடி பகுதியில் சாலையோரம் நாம் பார்ப்பது இதைத்தான். தேக்கு, வெண்தேக்கு, கருமருது, வேங்கை, வெக்காலி. பிப்ரவரியில் இலை உதிர்ந்து காடே கம்பு நட்டதுபோல் நிற்கும். ஆள் உயரப் புல் காய்ந்து கிடக்கும்.

3. கிழக்கே முட்காடு. மசினகுடியைத் தாண்டி சீகூர், மாயார் ஊர் வரை. உசிலை, வெள்வேல், இலந்தை. மரம் குட்டை, நிழல் குறைவு, புல்லும் குட்டைதான்.

முதல் தடவை போகிறவர்கள் முட்காட்டைப் பார்த்து, ‘இது என்ன காடு, வெறும் புதர்’ என்று முகம் சுளிப்பது வழக்கம். ஆனால் காப்பகத்தின் அரிய உயிரினங்கள் பல அங்கேதான் இருக்கின்றன. கழுதைப்புலி, வெளிமான், நாற்கொம்பு மான், பாறு கழுகு ஆகியவற்றுக்கெல்லாம் திறந்த வறண்ட நிலம் வேண்டும். அடர்ந்த பசுமையே நல்ல காடு என்ற நினைப்பு முதுமலையைப் புரிந்துகொள்ளப் பெரிய தடை.

நடுக்காட்டில் இன்னொரு முக்கியமான இடமும் உண்டு. 1988-ல் இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து, அதற்குள் 1 செ.மீ. தடிமனுக்கு மேற்பட்ட மரஞ்செடி ஒவ்வொன்றுக்கும் எண் பட்டை கட்டினார்கள். எந்த மரம் தீயில் போனது, எதை யானை ஒடித்தது, எது புதிதாக முளைத்தது என்ற கணக்கு அன்றிலிருந்து தொடர்ந்து எடுக்கப்படுகிறது. ‘காடு மாறுகிறது’ என்று யாராவது பொதுவாகச் சொன்னால், எவ்வளவு என்று கேட்டுப் பதில் பெறக்கூடிய மிகச் சில இந்தியக் காடுகளில் இது ஒன்று.

மூன்று காடு இருப்பதன் பலன் யானைக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரு வளர்ந்த யானை நாளொன்றுக்கு 150 கிலோ அளவுக்குத் தின்னும், நூறு லிட்டருக்கு மேல் குடிக்கும். கோடையில் ஆற்றோரத்தையும் ஈரக்காட்டையும் நாடுகிறது. முதல் மழை விழுந்ததும் இலையுதிர் காட்டில் இளம்புல் தளிர்க்கும், அங்கே கூட்டமாக வந்துவிடும். அதே புல் சில மாதத்தில் முற்றி நாராகிவிட்டால் சுவையும் போய்விடும், சத்தும் போய்விடும். அப்போது வடகிழக்குப் பருவமழை கிழக்கு முட்காட்டில் குட்டைப்புல்லைப் பச்சையாக்கியிருக்கும். யானை அங்கே நகரும். இந்தச் சுற்றுக்குப் பெயர்தான் வலசை. மூன்று காட்டில் ஒன்றை அடைத்தாலும் சுற்று அறுந்துபோகும். யானை ஊருக்குள் ‘நுழைந்தது’ என்று எழுதும் செய்திகளில் பாதி, யானை தன் பழைய வழியில் நடந்தது என்பதைத்தான் வேறுவிதமாகச் சொல்கின்றன.

யார் யாரைத் தின்கிறார்கள்

விலங்குகளின் பட்டியல் எல்லாச் சுற்றுலாக் கையேட்டிலும் இருக்கிறது. செய்தியைப் புரிந்துகொள்ள இரைக்கணக்கு தெரிந்தால் போதும்.

புலிக்கு இங்கே முக்கிய இரை புள்ளிமான், கடமான், காட்டெருமை. கடைசியாகச் சொன்னது உண்மையில் எருமை இல்லை, மாட்டினம். ஆனால் நீலகிரியில் எல்லோரும் காட்டெருமை என்றே சொல்வதால் நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். ஒரு டன் வரை எடையுள்ள காட்டெருமைக் காளையை நேருக்கு நேர் சாய்க்க, நல்ல வலுவில் இருக்கும் புலியாலேயே எப்போதும் முடியாது. சிறுத்தை நடுத்தர இரைகளோடு நின்றுகொள்ளும், ஊரோரம் வந்தால் நாய், ஆடு. செந்நாய் கூட்டமாகப் பகலில் புள்ளிமானைத் துரத்தும். மூன்றும் ஒரே காட்டில் காலம் தள்ள முடிவதற்குக் காரணம், இரை நிறைய இருப்பதும் நேரமும் அளவும் பிரிந்திருப்பதும்தான். தெப்பக்காட்டில் மாலையானதும் புள்ளிமான்கள் வனத்துறைக் குடியிருப்புகளை ஒட்டி வந்து படுப்பதைக் காணலாம். மனிதன் இருக்கும் இடத்தில் புலி கொஞ்சம் தயங்கும் என்பது அவற்றுக்குத் தெரியும்.

ஒரு புலி ஆண்டுக்குச் சுமார் 50 மான் அளவுள்ள இரைகளைக் கொல்கிறது. இரைக்கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் புலியால் ஆண்டுக்கு எடுக்க முடியும், அதற்கு மேல் போனால் கூட்டம் கரையும். அப்படியானால் ஒரு புலிக்குப் பின்னால் சுமார் 500 இரைவிலங்குகள் உயிரோடு நிற்க வேண்டும். புல்லைக் காப்பாற்றாமல் புலியைக் காப்பாற்ற முடியாது என்பதன் கணக்கு இதுதான்.

114 என்ற எண்ணை எப்படிப் படிப்பது?

2022 தேசியக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 306 புலிகள், முதுமலையில் 114 என்று வந்தது. 2018-ல் மாநிலக் கணக்கு 264. நாட்டில் 100 புலிகளுக்கு மேல் உள்ள காப்பகங்களின் சிறிய பட்டியலில் முதுமலையும் இருக்கிறது. இந்த எண்ணைப் பற்றி மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்:

1. யாரும் தலை எண்ணவில்லை. காட்டைக் கட்டங்களாகப் பிரித்து, தடத்தின் இரு பக்கமும் தானியங்கி கேமரா வைக்கிறார்கள். நம் கைரேகைபோல் ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு. கிடைத்த படங்களை ஒப்பிட்டுப் புலிகளைப் பிரித்தறிந்து, படத்தில் சிக்காதவை எத்தனை இருக்கும் என்பதைப் புள்ளியியல் முறையில் மதிப்பிடுகிறார்கள். இந்த முறையில் 2006 முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நாடு முழுவதும் கணக்கெடுக்கப்படுகிறது. டி23 போன்ற பெயர்களும் இப்படி அடையாளம் கண்டு இட்ட எண்கள்தான்.

2. ஒரே காப்பகத்துக்கு இரண்டு எண் இருக்கும். எல்லைக்குள் இருப்பவை ஒரு எண். எல்லையைத் தாண்டியும் உள்ளேயும் போய்வரும் புலிகளைச் சேர்த்தால் அதைவிடப் பெரிய எண். இரண்டு நாளிதழ்கள் இரண்டு எண்ணைப் போட்டால் ஒன்று பொய் என்று முடிவு கட்ட வேண்டாம்.

3. எண் கூடினால் நிலம் கூடாது. நல்ல இரையுள்ள காட்டில் பெண் புலிக்குச் சில பத்துச் சதுர கிலோமீட்டர் போதும். ஆண் புலி இரண்டு மூன்று பெண் புலிகளின் எல்லையைத் தன் வசம் வைத்திருக்கும். இரண்டு வயதைத் தாண்டிய குட்டி தாயை விட்டுப் போயாக வேண்டும். இடம் காலியாக இல்லை என்றால் சண்டை, அல்லது ஓரத்துக்குத் தள்ளப்படும்.

மூன்றாவது விஷயத்துக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. 20 பெண் புலிகள் தொடர்ந்து குட்டி ஈன்று, மொத்தம் 80 முதல் 100 புலி நிலைத்து வாழ, தொந்தரவில்லாத 800 முதல் 1,000 சதுர கிலோமீட்டர் வேண்டும் என்பது தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் கைக்கொள்ளும் கணக்கு. முதுமலையில் அப்படித் தொந்தரவில்லாமல் வைக்க வேண்டிய உள்மண்டலம் 321 சதுர கிலோமீட்டர்தான். அதில் பாதிகூடத் தேறாத இடத்தில் 114 எப்படி? விடை வரைபடத்தில் இருக்கிறது. நாகரஹொளே, பந்திப்பூர், வயநாடு, முதுமலை, சத்தியமங்கலம், பிளிகிரி ரங்கன் மலை எல்லாம் ஒட்டிக் கிடக்கின்றன. 2022 கணக்கில் இந்தத் தொடரில் மட்டும் 800-க்கும் மேற்பட்ட புலிகள். உலகில் ஒரே தொடராகப் புலிகள் இத்தனை வாழும் இடம் வேறெங்கும் இல்லை. முதுமலை என்பது அந்தப் பெரிய வீட்டில் தமிழ்நாட்டுக்குள் வரும் அறை. அறையின் நிலையைப் பேசும்போது கதவுகளையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

நான்கு சொற்கள், நான்கு பொருள்கள்

1940-ல் 60 சதுர கிலோமீட்டர் அளவில் சரணாலயமாகத் தொடங்கிய இடம், படிப்படியாக விரிந்து 1977-ல் 321 ஆனது. 2007-ல் புலிகள் காப்பகம். 2010-ல் வெளிமண்டலமாகச் சுமார் 367 சதுர கிலோமீட்டர் சேர்ந்தது, பெரும்பகுதி சீகூர்ப் பக்கம். இப்படி அடுக்கடுக்காக வந்ததால் சொற்களும் குழம்பிவிட்டன.

1. உள்மண்டலம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2006-ல் வந்த திருத்தப்படி, புலிக்கென்றே தொந்தரவில்லாமல் வைக்க வேண்டிய பகுதி. ஆனால் 2006-ன் வன உரிமைச் சட்டமும் பொருந்தும். பழங்குடியினர், பிற வனவாசிகள் ஆகியோரின் உரிமையைத் தீர்த்துவைக்காமலும் கிராம சபையின் ஒப்புதல் இல்லாமலும் வெளியேற்ற முடியாது. பென்னை, நெல்லிக்கரை போன்ற ஊர்களிலிருந்து குடும்பங்கள் இடம்பெயர்ந்தது விருப்ப மறுகுடியமர்வு என்ற இந்த ஏற்பாட்டின் கீழ்தான். ‘விருப்பம்’ எவ்வளவு விருப்பம் என்பது ஒவ்வொரு ஊரிலும் வேறு வேறு பதில் கிடைக்கும் கேள்வி.

2. வெளிமண்டலம். இங்கே மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழலாம் என்பதே சட்டத்தின் எண்ணம். மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம், மாயார், ஆனைகட்டி எல்லாம் இந்தச் சூழலில் வருபவை. (இந்த ஆனைகட்டி நீலகிரியில் இருப்பது, கோவை எல்லையில் இருப்பது வேறு.) விவசாயம் செய்யக் கூடாது, வீடு கட்டக் கூடாது என்று வெளிமண்டலத்தைப் பற்றிப் பரவும் வதந்திகள் அப்படியே சரி அல்ல. கட்டுப்பாடு உண்டு, முழுத்தடை இல்லை.

3. சூழல் உணர்திறன் மண்டலம். இது வேறு சட்டம், 1986-ன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். சரணாலயங்களைச் சுற்றிக் குறைந்தது 1 கி.மீ. இருக்க வேண்டும் என்று 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 ஏப்ரலில் அதைத் தளர்த்தியது. கூடலூரில் அப்போது எழுந்த பதற்றத்தில் பெரும்பகுதி, இதையும் வெளிமண்டலத்தையும் ஒன்றாக எண்ணியதால் வந்தது. விளக்கிச் சொல்லும் பொறுப்பு யாருக்கு இருந்ததோ அவர்கள் சொல்லவில்லை என்பதும் உண்மை.

4. யானை வழித்தடம். இது மேலே சொன்ன மூன்றிலும் அடங்காமல் தனியாக அறிவிக்கப்படுவது. சீகூர் விவகாரம் இதுதான்.

சீகூர்: நடுவில் இருக்கும் கழுத்து

மாயாற்றுப் பள்ளத்தாக்கை மனத்தில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். சீகூர் பீடபூமிக்கு வடக்கே அந்தப் பள்ளம். தெற்கே நீலகிரியின் சுவர்போன்ற சரிவு. இரண்டிலும் யானைக் கூட்டம் சட்டென்று ஏறி இறங்க முடியாது. மேற்கே முதுமலை, வயநாடு. கிழக்கே சத்தியமங்கலம், அதற்கப்பால் கிழக்குத் தொடர்ச்சி மலைகள். இந்த இரண்டு பெரிய காடுகளுக்கு நடுவே மெலிந்து கிடக்கும் கழுத்து சீகூர்.

அந்தக் கழுத்தில் ஏற்கெனவே பல கயிறுகள். பைக்காரா மின்திட்டம் 1930-களில் வந்தது, 1950-களில் மாயாறு மின்நிலையம். சிங்காரா பக்கம் ராட்சதக் குழாய்கள், மரவகண்டியிலிருந்து கால்வாய். கால்வாயைத் தாண்ட முடியாத யானை அதன் ஓரமாகவே நடந்து, பாலம் இருக்கும் இடத்தில் கடக்கும். மின்திட்டப் பணிகளோடு மசினகுடி வளர்ந்தது. அப்புறம் சுற்றுலா வந்தது. விடுதி கட்டியவர்கள் தங்கள் நிலத்துக்கு மின்வேலி போட்டார்கள். ஒவ்வொரு வேலியும் சின்னதுதான். அடுத்தடுத்து இருந்தால் யானைக்கு அது ஒரே நீளச் சுவர்.

2010-ல் தமிழ்நாடு அரசு வழித்தடத்தை அறிவித்தது. நில உரிமையாளர்களும் விடுதிக்காரர்களும் எதிர்த்தார்கள். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் அரசுப் பக்கம் தீர்ப்பளித்தது. 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவால் பல விடுதிகள் மூடி முத்திரையிடப்பட்டன. 2020 அக்டோபர் 14 அன்று வழித்தட அறிவிப்பு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்து, தனிப்பட்டவர்களின் குறைகளைக் கேட்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்தது. மூன்று மாதம் கழித்து, 2021 ஜனவரியில், மசினகுடியில் விடுதி ஒன்றின் பக்கம் வந்த யானை மீது எரியும் டயரை வீசினார்கள். காதில் ஒட்டிக்கொண்டு எரியும் டயரோடு அது இருட்டில் ஓடும் காணொளியை நாடே பார்த்தது. யானை இறந்துபோனது.

இந்த வழக்கில் ஒரு நுணுக்கம் கவனிக்கப்படாமல் போகிறது. சில ஏக்கர் வைத்திருக்கும் உள்ளூர் விவசாயியும், வேலி போட்டு இரவு ஜீப் ஓட்டிய விடுதியும் ஒரே வரைபடத்துக்குள் சிக்கினார்கள். வழித்தடம் தேவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இருவரையும் ஒரே தராசில் வைத்தது நியாயமா என்று கேட்பவர்களை யானைக்கு எதிரி என்று ஒதுக்குவதும் சரியல்ல.

சரி, டி23 ஏன் வெளியே வந்தது?

இப்போது பதில் சொல்லலாம். பிடிபட்டபோது அதற்குச் சுமார் 13 வயது. காட்டு ஆண் புலிக்கு அது முதுமை. இளம் ஆண்கள் நிறைந்த காட்டில் கிழப்புலிக்கு இடம் கிடையாது, வலுவான இரையைச் சாய்க்கும் தெம்பும் குறையும். ஓரத்துக்குத் தள்ளப்பட்ட புலிக்குக் கூடலூர்ச் சரிவில் கிடைத்தது தேயிலைப் புதர்களின் மறைவும், கட்டி மேய்க்கப்படும் மாடுகளும். தேயிலைத் தோட்டம் நமக்குத் தோட்டம், புலிக்கு இடுப்பளவு மறைவு. மாட்டைத் தேடி வந்த இடத்தில் மாட்டுக்காரர் குனிந்து நிற்கிறார்.

அப்போது ‘சுட்டுக்கொல்ல உத்தரவு’ என்று வந்த தலைப்பிலும் ஒரு குழப்பம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள் கொல்வது மட்டுமல்ல, பிடிப்பது, பொறி வைப்பது, விரட்டுவதுகூட அடங்கும். புலிபோல் அதன் முதல் அட்டவணையில் உள்ள விலங்கை வேட்டையாட மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்று அவர் திருப்தியடைந்தால்தான் கொல்லும் கட்டம் வரும். சென்னை உயர் நீதிமன்றமும் உடனடியாகக் கொல்ல முனைய வேண்டாம் என்றது. கடைசியில் கும்கி யானை, நாய், டிரோன், அந்தக் காட்டின் ஒவ்வொரு ஓடையையும் அறிந்த வேட்டைத் தடுப்புக் காவலர்கள் எல்லாரும் சேர்ந்து தேடி, அதை மைசூருக்குக் கூண்டில் அனுப்பினார்கள்.

2023-ன் பத்து இறப்புகளையும் இதே கண்ணால் பார்க்கலாம். எமரால்டு பக்கம் இறந்த இரண்டு புலிகள், மாடு அடிபட்ட கோபத்தில் சடலத்தில் வைத்த விஷத்தால் செத்தவை. அந்த இடம் காப்பகத்துக்கு வெளியே. குட்டிகள் இறந்த இடங்களும் எல்லாம் காப்பகம் அல்ல. புலி பெருகுவதும் புலி சாவதும் எதிரெதிர்ச் செய்திகள் அல்ல. நிரம்பிய காட்டின் விளிம்பில் இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

பாறு கழுகும் மாட்டு ஊசியும்

சடலத்தில் வைக்கும் விஷம் புலியோடு நிற்பதில்லை. அடுத்து இறங்குவது பாறு. 1990-களுக்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறு 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்துபோனது. காரணம் டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி. ஊசி போட்ட மாடு இறந்தால், இறைச்சியைத் தின்ற பாறுவின் சிறுநீரகம் செயலிழந்து, சில நாளில் கழுத்து தொங்கிச் சாகும். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிடும் பறவை அந்த இழப்பைச் சீக்கிரம் ஈடுகட்ட முடியாது.

தென்னிந்தியாவில் பாறு இன்னும் கூட்டமாகக் கூடு கட்டும் முக்கிய இடம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. வெண்முதுகுப் பாறு ஆற்றோர நீர்மருது மரங்களின் உச்சியில் கட்டும், கருங்கழுத்துப் பாறு பாறை முகட்டில். செந்தலைப் பாறுவும் இங்கே உண்டு. மூன்று மாநிலங்களும் சேர்ந்து ஒரே நேரத்தில் எண்ணிப் பார்த்தாலும் சில நூறுதான் தேறும்.

கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் 2006-ல் தடை செய்யப்பட்டது. ஆனால் மனிதருக்கான பெரிய குப்பி மாட்டுக்கும் வசதியாக இருந்தது. அதனால் 2015-ல் மனிதக் குப்பியை 3 மில்லிக்குள் சுருக்கினார்கள். கீட்டோப்ரோஃபென், அசெக்ளோஃபெனாக் இரண்டும் 2023-ல் கால்நடைக்குத் தடை. மெலாக்சிகாம் பாறுவுக்குத் தீங்கில்லாத மாற்று. மசினகுடியில் ஒரு மாட்டுக்கு எந்த மருந்து போடுகிறார்கள் என்பது வனத்துறையின் கையில் இல்லை, மருந்துக்கடையில் இருக்கிறது. ஒரு நாளில் நூறு கிலோமீட்டர் பறந்து இரை தேடும் பறவைக்கு 688 சதுர கிலோமீட்டர் எந்த மூலைக்கு?

சாலை

கூடலூரிலிருந்து தெப்பக்காடு, கக்கனல்லா, பந்திப்பூர் வழியாக மைசூர் போகும் தேசிய நெடுஞ்சாலை காட்டை நடுவே வெட்டுகிறது. பந்திப்பூரில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை வாகனத் தடை. அதே நேரத்தில் முதுமலைப் பக்கமும் வாயில் மூடப்படும். ஆம்புலன்சுக்கும் ஒருசில பேருந்துகளுக்கும் விலக்கு. வயநாட்டில் 2019-ல் இதை எதிர்த்துப் பெரிய போராட்டமே நடந்தது. வியாபாரிகளின் கஷ்டம் உண்மைதான், மாற்றுச் சாலை சுற்றுவழிதான். ஆனால் சக்கரத்தில் சிக்கும் மான், முயல், பாம்பு, எப்போதாவது சிறுத்தை ஆகியவற்றில் பெரும்பாலானவை இரவில் நடமாடுபவை என்பதால், குறைந்த செலவில் நிறையப் பலன் தரும் நடவடிக்கை இதுவே.

உண்ணிச்செடியும் மஞ்சள் கொன்றையும்

கண்ணுக்குத் தெரியும் ஆபத்துகளைவிடச் சத்தமில்லாமல் காட்டை மாற்றுவது இரண்டு செடிகள். முதலாவது உண்ணிச்செடி. அழகுக்காக 19-ஆம் நூற்றாண்டில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. பூ அழகு, பறவைக்குப் பழம் பிடிக்கும், பறவை எச்சத்தில் விதை எல்லா இடத்துக்கும் போகும். ஆள் உயரத்துக்கு அடர்ந்து புல்லை மூடிவிடும். மானும் காட்டெருமையும் அதைத் தின்பதில்லை. கோடையில் தரைத்தீ வந்தால், தீ அதன்மேல் ஏறி மரக்கிளையைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு கோடைக்கும் முன் வனத்துறை தீத்தடுப்புக் கோடு வெட்டினாலும், இரண்டு பக்கமும் உண்ணிச்செடி நின்றால் பயன் குறைவு. இந்தக் காடுகளில் தீ தானாகப் பிடிப்பது அரிது, ஏறக்குறைய எல்லாமே மனிதன் வைப்பதுதான்.

இரண்டாவது, சென்னா ஸ்பெக்டாபிலிஸ். உள்ளூரில் மஞ்சள் கொன்றை என்கிறார்கள், நம் சரக்கொன்றையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தென் அமெரிக்காவிலிருந்து நிழலுக்காகவும் அழகுக்காகவும் வந்து, வயநாடு, முதுமலை இரண்டிலும் மேற்குப் பக்க ஈரக்காட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பூக்கும் காலத்தில் சாலையோரம் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதவர் குறைவு. அடியில் குனிந்து பார்த்தால் புல் ஒன்று இருக்காது. கோடையில் யானைக்குப் பச்சை கிடைக்க வேண்டிய காடு அதுதான் என்பதை நினைவில் கொண்டால் இதன் எடை தெரியும்.

வெட்டினால் தூரிலிருந்து நான்கைந்தாகத் துளிர்க்கும். அதனால் அடிமரத்துப் பட்டையைச் சுற்றிலும் உரித்து, நின்றபடியே காயவிடுகிறார்கள். சிறு கன்றை வேரோடு பிடுங்கியாக வேண்டும், பாதியில் ஒடிந்தால் வீண். மரத்தைக் காகிதக் கூழுக்கு எடுத்துக்கொள்ள அரசின் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் முன்வந்த பிறகு அகற்றும் வேலை கொஞ்சம் வேகம் பிடித்தது. மரம் போனாலும் விதை மண்ணுக்குள் பல ஆண்டு கிடக்கும். அகற்றிய இடத்தில் புல் வந்திருக்கிறதா, மறுபடியும் மஞ்சள் கொன்றைக் கன்று வந்திருக்கிறதா, அல்லது கிடைத்த வெயிலில் உண்ணிச்செடி நுழைந்துவிட்டதா என்று ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஆள் போய்க் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது.